மலேயாக்காரர் வீடு எது என்று கேளுங்கள்

கிள்ளான், ஈப்போ, சுங்கை சிப்புட், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து, தாத்தா பாட்டியின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறவிருக்கும் சொந்தங்களுக்கு,

கோலாலம்பூரில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் திருச்சியில் இறங்கிவிடலாம். உங்கள் தாத்தா இதே தூரத்தைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் கடலில் கடந்தார். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அதற்குப் பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1980-களில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியே முடிந்தது. கப்பல் நின்ற காலத்தில்தான் பல குடும்பங்களில் கடிதமும் நின்றது. அறுந்த அந்த முனையைப் பிடிக்க இப்போது பலரும் கைப்பேசியோடு வருகிறார்கள். வாடகைக் காரில் உட்கார்ந்து, வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தட்டி, அது காட்டும் இடத்தில் இறங்கி, தெரிந்தவர் யாருமில்லாமல் மாலையே திருச்சிக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. கருவி ஒன்றும் மோசமில்லை. அதை எப்போது எடுப்பது, எப்போது பையில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வேலை உங்கள் வீட்டில், டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்குகிறது. பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியிலோ, சாமி மேடைக்குக் கீழே உள்ள பிஸ்கட் டின்னிலோ பழைய கடிதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் கடிதத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். உறையின் இரு பக்கங்களையும் எடுங்கள். ஊரில் அஞ்சலகம் இருந்ததா, இல்லை பக்கத்து ஊர் 'போஸ்ட்' வழியாகக் கடிதம் போனதா, எந்தத் தாலுகா, எந்த ஜில்லா என்பதெல்லாம் முகவரியில் இருக்கும். அஞ்சல் முத்திரையைத் தனியாக, நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் வெறும் கண்ணுக்குத் தெரியாத அஞ்சலகப் பெயரும் தேதியும் பல நேரம் எழுந்து வரும். இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே 70-களிலோ 80-களிலோ வந்த ஒரு கடிதத்தில் 6-ல் தொடங்கும் ஆறு இலக்கம் இருந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. அந்த எண் ஒரு குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் அதைச் சுற்றிய சில ஊர்களையும் மட்டுமே குறிக்கும்.

பழைய கடிதங்களில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள், லை, னை, ணை போன்ற எழுத்துகளை யானைத் தும்பிக்கை போலக் கொம்பு வளைத்து எழுதுவார்கள். அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும் கைப்பேசிக் கேமரா, இப்படிப்பட்ட கையெழுத்தின் முன் திணறும். கிறுக்கலை அது 'மொழிபெயர்த்து'க் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அந்தக் குரலைப் பதிவு செய்யுங்கள். கடிதத்தில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் "இது யாரு? நமக்கு என்ன முறை?" என்று கேட்டுக்கொண்டே போனால், கடிதம் முடிவதற்குள் இரண்டு தலைமுறை கைக்கு வந்துவிடும்.

புகைப்படங்களையும் இதேபோல் முன்னும் பின்னுமாக எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அட்டையின் பின்புறத்தில்தான் இருக்கும். கும்பகோணம், துறையூர் என்று அதில் உள்ள ஊரே ஒரு சாட்சி. பிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும்.

காகிதங்களையும் புரட்டுங்கள். மலாயாவில் 1948-ல், அவசரகாலத்தின்போது, அடையாள அட்டை வந்தது. அதிலும், குடியுரிமைக்காக எழுதிக்கொடுத்த தாள்களிலும், பிறப்பு இறப்புச் சான்றுகளிலும் கிராணியோ குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இருக்கும். கருப்பையா ஒரு தாளில் ஒரு மாதிரியும் மறு தாளில் வேறு மாதிரியும் தெரிவார். சின்னப்பன் என்பவர் சின்னாப்பனாகியிருப்பார். கண்ணில் படும் எழுத்துக்கூட்டல் அத்தனையையும் கைப்பேசிக் குறிப்பில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 1924 முதல் 2019 வரை வந்த 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய இரங்கல் அறிவிப்புகளை வெட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவற்றில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரோடு சில சமயம் பூர்வீக ஊரும் வந்திருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. கப்பல் வருகைச் செய்திகளை அதில் சோபாவில் சாய்ந்தபடியே தேடிப் பார்க்கலாம்.

இனி ஊர். தாத்தா "திருச்சி ஜில்லா" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்ன திருச்சி இன்றைய திருச்சி அல்ல. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது பழைய திருச்சி மாவட்டத்திலிருந்தும் ஒரு பகுதி அதற்குப் போனது. 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர், ஒருமுறை மறுபடி இணைக்கப்பட்டு, 2007-ல் திரும்பவும் தனியானது. தஞ்சாவூர் ஜில்லா என்றால் நாகப்பட்டினம் 1991-ல் பிரிந்தது, அடுத்து திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. இராமநாதபுரம் 1985-ல் மூன்றானது; சிவகங்கையும் விருதுநகரும் அதிலிருந்து வந்தவை. சேலத்திலிருந்து தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. தென்னார்க்காடு, வடார்க்காடு என்ற பெயர்கள் மாவட்டப் பட்டியலிலேயே இல்லை. மலாயாவுக்கு ஆள் போன ஊர்களில் பெரும்பகுதி இந்தப் பழைய ஜில்லாக்களுக்குள்தான் இருந்தது. ஆகவே வரைபடத்தில் மாவட்டத்தை வைத்துத் தேடாமல் தாலுகாத் தலைநகரையும் அஞ்சலகத்தையும் வைத்துத் தேடுங்கள். ஜில்லா நகர்ந்துவிடும், பெரம்பலூர் பெரம்பலூரிலேயேதான் இருக்கும்.

புதூர், புதுப்பட்டி, மேலப்பட்டி போன்ற பெயர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு என்பதால், பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றாவது தெரியாமல் கிளம்பாதீர்கள். ஆற்றின் பெயர், சந்தை கூடிய ஊர், ரயில் ஏறிய நிலையம், ஏதோ ஒன்று வேண்டும். இன்னொன்று: தாத்தா சொன்னது வருவாய்க் கிராமத்தின் பெயராக இல்லாமல் அதற்குள் அடங்கிய சிறு குடியிருப்பின் பெயராக இருக்கலாம். அரசுப் பட்டியலிலும் வரைபடத்திலும் பெரிய பெயர் மட்டும் தெரியும். சின்னப் பெயர் அந்த வழியில் ஓடும் டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட இந்திய நிலவரைபடங்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலே இருப்பதால், பழைய காகிதத்தில் உள்ள புரியாத ஊர்ப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உங்கள் பகுதித் தாளை மட்டும் இறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப மரம் வரையும் செயலிகளைப் பற்றி ஒரு புலம்பல். அவற்றை எழுதியவர்கள் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் நாட்டுக்காரர்கள். 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் நீங்கள் அப்பா பெயரைப் போட்டால், செயலி ஒவ்வொரு தலைமுறையையும் தனித்தனிக் குடும்பமாக எண்ணிக்கொள்ளும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரை முழுசாக முதல் கட்டத்திலேயே எழுதுவது நல்லது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே மரத்தில் நான்கு கருப்பையாக்கள் நிற்பார்கள். பிறந்த ஆண்டு தெரியாவிட்டாலும் 'கப்பலேறிய கருப்பையா', 'கொல்லன் வீட்டுக் கருப்பையா' என்று அடைமொழி கொடுங்கள். அடுத்தது, மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய கல்யாணங்கள். ஒரே பெண் மருமகளாகவும் பேத்தியாகவும் வருவாள். செயலி எச்சரிக்கை மணி அடிக்கும், அல்லது அவளை இரண்டு ஆளாகப் பிரித்துக் காட்டும். பயந்துபோய் நீங்களே அவளை இரண்டு முறை உள்ளிட்டுவிட்டால் பிறகு அந்தச் சிக்கலை அவிழ்ப்பது பெரும்பாடு. ஒருமுறை உள்ளிடுங்கள், உறவுக்கோட்டை இரண்டு பக்கமும் இழுங்கள்.

பயணத்துக்கான தொழில்நுட்பம் சுருக்கமாக. வட்டார வரைபடத்தை வைஃபை உள்ளபோதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல அரசுத் தளங்கள் இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும், கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி உள்ளூர் சிம் வாங்கினால் அந்தத் தொல்லை தீரும். பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள். மலேசியக் காடுகளில் மலையேற வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

ஊருக்குள் இறங்கியாயிற்று. இப்போது கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போங்கள். அங்கே தாத்தாவின் பெயரைச் சொல்வதைவிட, "இங்கே மலேயாக்காரர் வீடு எது?" என்று கேட்பது பலன் தரும். கடல் கடந்து போய்வந்த வீடுகளை அந்தப் பெயரிலேயே அழைப்பது தமிழக ஊர்களில் சகஜம். ரங்கூன்காரர் வீடு, சிலோன்காரர் வீடு, பினாங்குக்காரர் வீடு என்று தெருவுக்கு ஒன்று இருக்கும். வீட்டில் இருப்பவருக்கே காரணம் தெரியாமல் பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

இதில் ஓர் எதிர்பாராத வசதியும் உண்டு. 1968-ல் மலேசியாவில் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளமானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அண்ணனுக்குக் குடியுரிமை, தம்பிக்கு இல்லை என்று ஒரே லயத்து வீடு இரண்டாகப் பிரிந்த கதைகள் பல. எனவே நீங்கள் தேடிவரும் ஊரிலேயே பேராக் தோட்டத்தில் பிறந்து, பால்மரக் காட்டைப் பார்த்து வளர்ந்து, எஸ்டேட் பள்ளியில் படித்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவரிடம் உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். தண்டல் யார், கோயில் எங்கே, பெரட்டுக் களம் எந்தப் பக்கம் என்று அவர் உங்களுக்கே சொல்லக்கூடும்.

ஒரு சந்தேகம் மட்டும் காற்றில் நிற்கும்: 'பங்கு கேட்க வந்திருக்கிறானோ?' இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலாயாவுக்குப் போனவரின் பாக நிலத்தை இரண்டு தலைமுறையாக உழுதுகொண்டிருக்கும் வீட்டுக்கு முன்னால், அறிமுகமில்லாத ஒருவர் கைப்பேசியை உயர்த்தி வீட்டையும் வயலையும் படம் எடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பட்டா, சிட்டா விவரங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கும் வசதியைத் தமிழக அரசு செய்திருக்கிறது. சர்வே எண் தெரிந்தால் இன்றைய உரிமையாளர் பெயர் வந்துவிடும். ஆராய்ச்சிக்குப் பயன்படும்தான். ஆனால் அதை ஊருக்குள் நின்று திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. சொத்துக்காக வரவில்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் நீங்களாகவே, தெளிவாக, வீட்டுப் பெரியவரின் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். அதன்பிறகு காபி வரும்.

காபியோடு சாதியும் வரும். "எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்ற கேள்விகள் அதைச் சுற்றிவளைத்துக் கேட்பவைதான். மலேசியாவில் உங்கள் வீட்டில் அதைப் பேசாமலே வளர்த்திருக்கலாம், அதற்கு நல்ல காரணமும் இருந்திருக்கலாம். ஊர்த்தெரு ஒருபுறம், காலனி மறுபுறம் என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் தப்பான தெருவில் விசாரித்தால் பதிலே வராது, சில இடங்களில் அவமானமும் நேரும். தெரிந்ததை முன்கூட்டியே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பேச விருப்பமில்லை என்றால் குலதெய்வத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குலதெய்வத்தின் பெயர் தெரிந்துவிட்டால், உலகின் எந்தச் செயலியிலும் இல்லாத ஆவணம் ஒன்று உங்களுக்குத் திறக்கும்: தலைக்கட்டு நோட்டு. கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பதற்காகப் பங்காளிகளில் ஒருவர் எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தகப்பன் பெயரோடு, எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதோடு வரிசையாக இருக்கும். உங்கள் தாத்தாவின் பெயரே பழைய நோட்டில் இருந்து, பிறகு விடுபட்டிருக்கலாம். அதற்கு அடுத்த சுரங்கம் மொய் நோட்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் கல்யாணம், காதுகுத்து ஒவ்வொன்றுக்கும் ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை என்று எழுதி, திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காகவே பத்திரமாக வைத்திருப்பார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மொய் நோட்டு, அந்த வீட்டுக்கு எந்தெந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் உறவு என்பதை அப்படியே காட்டிவிடும். செட்டிநாட்டு நகரத்தார் என்றால் உங்களுக்கு இதைவிட எளிது. ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் என்று தெரிந்தால் கல்யாணப் பதிவு வரை போகலாம்.

இந்த நோட்டுகளைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். தொகை எழுதிய பகுதியைத் துணியால் மூடிவிட்டுப் பெயர்களை மட்டும் எடுப்பதாகச் சொன்னால், முதலில் தயங்குகிறவர்களும் சம்மதிப்பார்கள். பக்க வரிசை தவறாமல், அட்டையிலிருந்து தொடங்கி எடுங்கள். வீடு, கோயில், களத்துமேடு இவற்றை எடுக்கும்போது கேமராவில் இடக்குறிப்பு வசதி இயங்கட்டும். பின்னாளில் உங்கள் பிள்ளைகள் வரும்போது வழி கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அந்தப் படம் வழி காட்டும். பெரிய கோயில்களில் நிலைமை வேறு. கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஊர்க்கோயிலில் பூசாரியிடம் கேட்டால் வாசலையும் கல்வெட்டையும் எடுக்க விடுவார்; மூலவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டியூப்லைட்டின் மேல் எழுதிய உபயதாரர் பெயர்களைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். பினாங்கிலிருந்து பணம் அனுப்பிய ஒருவரின் பெயர் மணியிலோ கதவிலோ இருக்க வாய்ப்புண்டு.

நோட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அத்தைகளும் சின்னம்மாக்களும் யாருக்கு வாக்கப்பட்டு எங்கே போனார்கள் என்பது ஊரிலுள்ள வயதான பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களிடம் உட்காருங்கள். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, ஒலிப்பதிவை ஓடவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஆண்டு கேட்டால் பதில் வராது. புயல் அடித்த வருசமா, அதற்கு முன்னாலயா, மூத்தவன் பிறந்த பிறகா என்று கேளுங்கள். பேச்சு தேங்கினால் உங்கள் தாத்தாவின் படத்தைக் காட்டுங்கள். ஒரு படத்துக்கு நாலு பேர் கூடிவிடுவார்கள், அதில் இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். இரண்டு பக்கத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள், தீர்ப்பைக் கோலாலம்பூருக்குப் போய் எழுதலாம்.

"போனவன் ஒரு கடுதாசி போடலையே" என்ற குறை கட்டாயம் எழும். அந்த வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதம் எந்த ஆண்டு என்று விசாரியுங்கள். 1941 என்றால் அது புறக்கணிப்பு அல்ல. அந்த டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது, இந்தியாவுக்கான அஞ்சல் அறுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எண்பது வருடமாகக் கோபத்தோடு இருந்த ஒரு வீட்டில் இந்தச் செய்தியைச் சொல்வது, நீங்கள் கொண்டுபோகும் எந்தச் சாக்லேட் டப்பாவைவிடவும் பெரியது.

எடுத்ததில் ஒரு பிரதியை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த இடமும் நேரமும் கோப்பிலிருந்து அழிந்துவிடும்; ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பக்கத்து டவுனில் உள்ள ஸ்டூடியோவில் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தால் அது மலேயாக்காரர் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். குடும்ப மரத்தைப் பொது இணையத்தில் ஏற்றுவதானால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

தேதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். மதுரை, தேனிப் பக்கத்தில் பல குலதெய்வக் கோயில்களில் மாசி மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரம். வேறு ஊர்களில் ஆடி. மாதக்கணக்கில் வீடு வீடாக அலைந்து பார்க்க வேண்டியவர்களை அந்த ஓர் இரவில் ஒரே இடத்தில் பார்க்கலாம், தலைக்கட்டு நோட்டும் அன்று வெளியே வந்திருக்கும். ஆனால் அன்றைக்கே நோட்டைக் கேட்காதீர்கள். வரி வசூலிலும் கிடாய் வெட்டிலும் யாருக்கும் நிற்க நேரமிருக்காது, கூட்டத்தில் சிக்னலும் கிடைக்காது. உங்கள் பங்குக்கு ஒரு தலைக்கட்டு வரியைக் கட்டிவிட்டு, நோட்டு வைத்திருப்பவர் வீடு எது என்று மட்டும் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள்.